பயத்துக்கும் சேர்த்து ஒரு டிக்கெட்

சான் பிரான்சிஸ்கோவில் மகளுக்குப் பிரசவம். விசா வந்தாயிற்று, பருப்புப் பொடி அரைத்தாயிற்று, பெட்டியை மூன்று முறை எடை போட்டுப் பார்த்தாயிற்று. அடிவயிற்றில் மட்டும் ஏதோ ஒன்று அசைய மறுக்கிறது. சென்னையிலிருந்து துபாய்க்கு நாலு மணி நேரத்துக்கு மேல், அங்கிருந்து ஒரே மூச்சில் சுமார் 16 மணி நேரம். அத்தனை நேரம் வானத்தில் எப்படி உட்கார்ந்திருப்பது?

“இருப்பதிலேயே விமானம்தான் பாதுகாப்பு” என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அதைக் கேட்டு யாருக்கும் உள்ளங்கை வியர்ப்பது நின்றதில்லை. நானும் இந்தக் கட்சிதான். பல வருடமாகப் பறந்தும் பயம் போகவில்லை. அது போகட்டும் என்று காத்திருந்து டிக்கெட்டைத் தள்ளிப்போடுவதை மட்டும் நிறுத்திவிட்டேன். பயத்தையும் கூட்டிக்கொண்டே போய்வரும் வழி இது.

1. மொத்தப் பயத்தைச் சில்லறையாக்குங்கள்

ஒரு தாளை எடுத்து, சரியாக எதற்குப் பயம் என்று எழுதுங்கள். விழுந்துவிடுமோ என்பது ஒன்று. கதவை மூடிவிட்டால் இறங்க முடியாதே என்பது வேறு. நாலு பேர் நடுவில் மயங்கி விழுந்து மானம் போய்விடுமோ என்பது இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் பதில் தனி.

விழும் பயம் உள்ளவர்களுக்கு ஒரு செய்தி. எஞ்சின் நின்றால் விமானம் கல் மாதிரி விழாது. பருந்து மாதிரி மிதந்து இறங்கும். 2001 ஆகஸ்டில் கனடாவிலிருந்து போர்ச்சுகல் போன ஏர்பஸ் ஏ330 ஒன்றுக்கு அட்லாண்டிக் கடல்மேல் எரிபொருள் தீர்ந்து இரண்டு எஞ்சினும் நின்றன. சுமார் 19 நிமிடம் மிதந்தே போய் அசோர்ஸ் தீவில் இறங்கியது. உள்ளே இருந்த 306 பேரும் பிழைத்தார்கள்.

மூச்சு முட்டும் என்று பயப்படுகிறவர்கள் ஊட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். விமானம் 35,000 அடியில் பறந்தாலும், உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்து மலையில் இருப்பதுபோலத்தான். ஊட்டியின் உயரம் சுமார் 7,350 அடி.

2. டிக்கெட் எடுக்கும்போதே பாதி வேலை

அடைபட்டிருப்பதுதான் பிரச்சினை என்றால் பயணத்தைச் சமமாக உடைக்கும் வழியைத் தேடுங்கள். பிராங்பர்ட் வழியாகப் போனால் 10 மணி நேரம், 11 மணி நேரம் என்று ஏறக்குறைய இரண்டு பாதியாகிவிடும். மேலே ஏறுவதும் இறங்குவதும்தான் பயம் என்றால் குறைந்த இடத்தில் நிற்கும் விமானமே நல்லது.

இறக்கைக்கு நேராக உள்ள வரிசைகளில் ஆட்டம் குறைவு. வால் பக்கம் அதிகம். டவுன் பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நடைபாதை ஓரத்து சீட்டாகக் கேளுங்கள். எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்ற நினைப்பே பாதித் தைரியம்.

3. ஒரு வாரம் முன்பே மூச்சைப் பழக்குங்கள்

4 எண்ணும்வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். காலையிலும் மாலையிலும் ஐந்து ஐந்து நிமிடம். வீட்டுக் கூடத்தில் பழகாதது நடுவானில் கை கொடுக்காது.

மாத்திரை வேண்டுமா என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும். பக்கத்து வீட்டுக்காரர் கொடுக்கும் தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம். அதோடு மது சேர்ந்தால் ஆபத்து. அசையாமல் மணிக்கணக்கில் தூங்கினால் காலில் ரத்தம் உறையும் அபாயமும் கூடும். துபாய், அபுதாபி வழியாகப் போகிறவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். சில தூக்க மாத்திரைகளுக்கும் பதற்றத்துக்கான மாத்திரைகளுக்கும் அங்கே கட்டுப்பாடு உண்டு. முன்கூட்டியே விதிகளைப் பாருங்கள்; மருந்துச் சீட்டும் அட்டையும் கையோடு இருக்கட்டும்.

4. கிளம்பும் நாள்

பதற்றத்தில் நாலு காபி குடிக்காதீர்கள். காபி தரும் படபடப்பையும் பயத்தின் கணக்கில் எழுதிவிடுவோம். வெறும் வயிறும் வேண்டாம். குமட்டலுக்கு இஞ்சி மரப்பா நாலு துண்டு கைப்பையில் இருக்கட்டும். ஊறுகாய் பாட்டிலைப் பெரிய பெட்டிக்குள் வையுங்கள். கைப்பையில் இருந்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள். புறப்படும் நேரத்தில் அந்தச் சண்டையும் எதற்கு?

விமானத்துக்குள் நுழையும்போதே பணிப்பெண்ணிடம், “எனக்குப் பறக்கப் பயம்மா” என்று சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு இது புதிதில்லை. இரண்டு தடவை வந்து எட்டிப் பார்ப்பார்கள். மறைத்து வைக்கும் வேலை உங்களுக்கு மிச்சம்.

5. முதல் சில நிமிடங்களின் சத்தங்கள்

தரையை விட்டதும் காலடியில் ‘தடால்’ என்று கேட்கும். சக்கரங்கள் உள்ளே போய்க் கதவு மூடுகிறது. சற்று நேரத்தில் எஞ்சின் இரைச்சல் சட்டென்று தணியும். விமானம் கீழே இறங்குவதுபோல வயிறு ஏமாற்றும். ஏறுவதற்கு முழு விசை இனித் தேவையில்லை என்று குறைக்கிறார்கள், அவ்வளவுதான். ‘உய்ங்’ என்று நீளமாக இழுப்பது இறக்கையின் மடிப்புகள் உள்ளே போகும் சத்தம். ‘டிங்’ என்ற மணி பெரும்பாலும் பணியாளர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவது.

6. ஜாமக் கணக்கு

16 மணி நேரம் என்று எண்ணினால் மலைப்பாக இருக்கும். நம் பழைய கணக்கில் ஒரு ஜாமம் மூன்று மணி நேரம். ஐந்து ஜாமமும் ஒரு கொசுறும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். முதல் ஜாமம் சாப்பாட்டுக்கும் ஒரு படத்துக்கும். அடுத்த இரண்டும் தூக்கத்துக்கு. வராவிட்டால் கண்ணை மூடி இருந்தாலே போதும். நாலாவதில் புத்தகம், பாட்டு, பின்னல் வேலை. ஐந்தாவதில் முகம் கழுவி, இறங்கியதும் செய்ய வேண்டியதைப் பட்டியல் போடுங்கள். ஒவ்வொரு ஜாமத்திலும் ஓரிரு முறை நடை, ஒரு டம்ளர் தண்ணீர்.

7. குலுங்கும்போது

பாதி நிரம்பிய தண்ணீர் பாட்டிலை எதிரே மேஜையில் வைத்துத் தண்ணீரைப் பாருங்கள். ஒருமுறை அரபிக்கடல்மேல், உயிர் போய்விட்டது என்று நான் முடிவுகட்டிய நேரத்தில், பாட்டிலுக்குள் தண்ணீர் ஒரு விரற்கடைகூட எழும்பவில்லை. நம் ஊர் பஸ்ஸில் அதே பாட்டிலைத் திறந்து வைத்திருந்தால் மடி நனைந்திருக்கும்.

இறக்கை வளைவதைப் பார்த்தும் பதற வேண்டாம், வளையத்தான் செய்திருக்கிறார்கள். 2010இல் போயிங் 787இன் இறக்கையைச் சோதனைக்கூடத்தில் சுமார் 25 அடி மேலே வளைத்துப் பார்த்தார்கள். உடையவில்லை.

குலுக்கலில் நிஜமான ஆபத்து ஒன்று உண்டு: பெல்ட் போடாமல் இருப்பது. 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன விமானம் மியான்மர் வானில் கடுமையாகக் குலுங்கியது. ஒருவர் இறந்தார், பலர் காயப்பட்டார்கள். ஆயிரக்கணக்கான அடி விழுந்ததாகப் பேச்சு. பதிவுக் கருவி காட்டியதோ 4.6 விநாடியில் 178 அடி. அதற்குள் பெல்ட் போடாதவர்கள் சீட்டிலிருந்து தூக்கி எறியப்பட்டார்கள்; விமானம் பாங்காக்கில் பத்திரமாக இறங்கியது. அதனால் பெல்ட் போடச் சொல்லும் விளக்கு அணைந்தாலும், உட்கார்ந்திருக்கும் வரை பெல்ட் இடுப்பில் இருக்கட்டும்.

8. பயம் உச்சிக்கு ஏறினால்

நெஞ்சு படபடக்கும், விரல் மரத்துப்போகும். இந்த அலை பெரும்பாலும் பத்து நிமிடத்தில் உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கும். அதோடு மல்லுக்கட்டாதீர்கள். பாதத்தைத் தரையில் அழுத்துங்கள். கண்ணில் படும் ஐந்து பொருளை வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு அந்த 4, 6 மூச்சு. நெஞ்சுவலி என்று தோன்றினால் மட்டும் ‘பயம்தான்’ என்று ஒதுக்காமல் உடனே பணியாளரை அழையுங்கள்.

இத்தனை செய்தும் விமான நிலைய வாசலோடு திரும்பிவிடுகிறீர்கள் என்றால் மனநல ஆலோசகரைப் பாருங்கள். பயத்தைப் படிப்படியாகப் பழக்கும் சிகிச்சைக்கு நல்ல பலன் உண்டு.

9. அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள்

இறங்கியதும், பயந்த ஒவ்வொன்றுக்கும் எதிரே நடந்ததை எழுதுங்கள். திரும்பி வரும் பயணத்தில் அதுதான் துணை. என் முதல் தாளில் பதினொரு பயம் இருந்தது. போன முறை எழுதியதில் இரண்டுதான். குலுக்கல் இன்னும் முதலிடத்தில் இருக்கிறது. இரண்டாவது: ‘பெட்டி வந்து சேருமா?’