கண்ணாடிச் சுவர் தாங்குமா?

இங்கிலாந்தின் டெர்பிஷயர் பகுதியில், ஒரு குன்றின் மேல் நிற்கிறது ஹார்ட்விக் ஹால் என்னும் மாளிகை. 1590ஆம் ஆண்டளவில் வேலை தொடங்கி, 1597இல் குடிபுகுந்த வீடு. நூலகத்தில் அதன் படத்தைப் பார்த்தபோது, முகப்பில் சுவரையே காணோமே என்றுதான் எனக்குத் தோன்றியது. அத்தனையும் ஜன்னல்கள். என் தந்தை கொத்தனார். ஜன்னலை அகலமாக வைக்கச் சொல்பவர்களிடம், "மேல் பாரம் எங்கே இறங்கும்?" என்று கேட்பார். அந்தக் கேள்வியோடுதான் இம்மாளிகையைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

கட்டியவர் ஒரு பெண்மணி. பெஸ் என்று அழைக்கப்பட்ட எலிசபெத், சிறிய நிலக்கிழார் ஒருவரின் மகள். நான்கு முறை மணந்து, நான்கு முறையும் கணவரை இழந்தவர். கடைசிக் கணவரான ஷ்ரூஸ்பரி பிரபு 1590இல் காலமானார். அறுபதைக் கடந்த வயதில் இவ்வளவு பெரிய வேலையை மேற்கொண்ட துணிவு வியப்பிற்குரியது. அக்காலத்தில் கண்ணாடி விலை மிக்க பொருள். பெஸ் அம்மையாருக்கோ கண்ணாடி உலையே சொந்தமாக இருந்தது! ஆறு கோபுரங்களின் உச்சியிலும் தம் பெயரின் முதலெழுத்துகளைக் கல்லில் வெட்டி நிறுத்தினார். அடக்கம் என்பது அவரிடம் அதிகம் இருந்ததாகத் தெரியவில்லை.

இனி, பாரத்தின் கணக்கிற்கு வருவோம். வீட்டின் நடுவே, நீளவாக்கில், தடித்த உட்சுவர் ஒன்று முதுகெலும்பு போல் ஓடுகிறது. கணப்புகளையும் புகைபோக்கிகளையும் பெரும்பாலும் உட்சுவர்களுக்குள்ளேயே அமைத்துவிட்டனர். எனவே வெளிச்சுவரைப் புகைவழிகளுக்காகக் குடைய வேண்டியதில்லை. அந்த இடமெல்லாம் ஜன்னலுக்குக் கிடைத்தது. புறத்தே துருத்தி நிற்கும் கோபுரங்கள் வெளிச்சுவருக்கு முட்டுக் கொடுக்கின்றன. மேலே போகப் போக அறைகளின் உயரமும் ஜன்னல்களின் உயரமும் கூடுகின்றன. கீழ்த்தளம் பணியாளர்க்கு, நடுத்தளம் குடும்பத்தார்க்கு, மேல்தளம் அரச விருந்தினர்க்கு. மேல்தளத்து நெடுங்கூடம் மட்டுமே ஏறத்தாழ 50 மீட்டர் நீளம்.

வடிவமைத்தவர் ராபர்ட் ஸ்மித்சன் என்பது அறிஞர் கருத்து. அவரும் கல் கொத்தராகத் தொழிலைத் தொடங்கியவரே. 1568இல் லாங்லீட் மாளிகையில் வேலை செய்தார். 1614இல் மறைந்த அவருடைய கல்லறையில் கட்டடக் கலைஞர் என்றே பொறித்திருக்கிறார்கள். இதைப் படித்ததும் தந்தையிடம் சொன்னேன். "கல் வேலை தெரியாமல் படம் மட்டும் போட்டால் நிற்காது" என்றார். பெஸ் அம்மையாரின் கணக்கேடுகளும் அழியாமல் இருக்கின்றன. கல் வேலை செய்த ஜான் ரோட்ஸ், சுதை வேலை செய்த ஆபிரகாம் ஸ்மித் ஆகியோரின் பெயர்களை அவற்றால் அறிகிறோம். வேலை செய்தவர் பெயர் நிலைப்பது எளிதன்று.

1592இல் இக்கூடத்திற்காக அவர் கிதியோன் கதையைச் சித்திரிக்கும் 13 திரைச்சீலைகளை வாங்கினார். பழைய உரிமையாளரின் சின்னத்தை மாற்ற வேண்டியிருப்பதால் 5 பவுன் தள்ளுபடியும் கேட்டுப் பெற்றார்! பெருமைக்காக வைத்த அந்த ஜன்னல்களின் ஒளியே நெடுங்காலத்தில் இத்தகைய துணிகளின் சாயத்தைத் தின்கிறது. ஒளியின் ஆற்றல் சாய மூலக்கூறுகளைச் சிதைப்பதே காரணம்.

மரண வரிக்கு ஈடாக அரசிடம் சென்ற மாளிகை, 1959இல் நேஷனல் டிரஸ்டின் பொறுப்பிற்கு வந்தது. முதல்தரப் பாதுகாப்புப் பட்டியலிலும் உள்ளது. அந்த 13 திரைச்சீலைகளையும் செப்பனிட்டு முடிக்க 24 ஆண்டுகள் ஆயின. 2023இல்தான் வேலை நிறைவுற்றது.