கோடை வெப்பத்தில் இறைச்சிக்கோழிகளைக் காத்தல்

2020 சனவரி 4 அன்று மேற்குச் சிட்னியின் பென்றித் பகுதியில் வெப்பநிலை 48.9 பாகை செல்சியசை எட்டியது. அத்தகைய நாளில், காலையில் நலமாக மேய்ந்த கோழிகள் மாலைக்குள் இறந்துவிடக்கூடும். வீட்டு வளவில் புறொய்லர் எனப்படும் இறைச்சிக்கோழிகளை வளர்ப்போர், காரணத்தை அறிந்து முன்னேற்பாடு செய்தால் இவ்விழப்பைப் பெரிதும் குறைக்கலாம்.

வெப்பம் கோழியை ஏன் வாட்டுகிறது?

கோழியின் உடல் வெப்பநிலை இயல்பாகவே ஏறத்தாழ 41 பாகையாகும். அதற்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. சுற்றியுள்ள காற்று குளிர்ந்திருக்கும்வரை கொண்டை, தாடி, கால்கள் ஆகியவற்றின் வழியாக உடல் வெப்பம் வெளியேறும். அது போதாதபோது கோழி வாயைத் திறந்து மூச்சிரைக்கும்; நீர் ஆவியாகி உடல் குளிரும். எனினும், நீண்டநேர மூச்சிரைப்பு உடலின் நீரைக் குறைப்பதுடன் குருதியின் அமில-காரச் சமநிலையையும் குலைக்கும். விரைவில் எடை கூடும் இறைச்சிக்கோழியின் உடலில் அதிக வெப்பம் உண்டாவதால், அது ஊர்க்கோழியைவிட முன்னதாகவே தளர்கிறது.

செய்ய வேண்டியவை

1. தண்ணீர்: குளிர்ந்த, தூய நீரை நிழலில் பல இடங்களில் வைக்கவும். எந்நேரத்திலும் நீரை அகற்றக் கூடாது.

2. தீனி: செரிமானமும் வெப்பத்தை உண்டாக்கும். ஆகவே, வெயில் உச்சமடைவதற்குச் சில மணி நேரம் முன்னரே தீனியை எடுத்துவிட்டு, அதிகாலையிலும் வெப்பம் தணிந்த பின்னரும் கொடுக்கவும்.

3. காற்றோட்டம்: கூட்டை அடைத்து வைக்க வேண்டாம். நெரிசலைக் குறைத்து, தகரக் கூரைக்கு மேல் நிழல்வலை கட்டவும்.

4. நீர்த்தெளிப்பு: காற்று வீசும் இடத்தில் மட்டும் தெளிக்கவும். புழுக்கமான, அடைபட்ட கூட்டில் நீர் ஆவியாகாது. ஈரப்பதம் கூடித் தீங்கே விளையும்.

5. அமைதி: நண்பகலில் கோழிகளைப் பிடிப்பதையும் துரத்துவதையும் தவிர்க்கவும்.

ஆபத்தின் அறிகுறிகள்

இறக்கைகளை உடலிலிருந்து விலக்கி வைத்தல், இடைவிடாத மூச்சிரைப்பு, தள்ளாட்டம், எழ இயலாமை ஆகியன தென்பட்டால், கோழியை உடனே நிழலுக்கு எடுத்துச் சென்று, கால்களைக் குளிர்ந்த நீரில் நனைக்கவும். பனிக்கட்டி நீர் வேண்டாம். தேறாவிடின் கால்நடை மருத்துவரை நாடவும்.

சட்டக் கடமை

நியூ சவுத் வேல்ஸின் 1979ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்படி, விலங்குக்குப் பொறுப்பானவர் அதற்குப் போதிய உணவு, நீர், தங்குமிடம் ஆகியவற்றை அளிக்க வேண்டும். நிழலுக்காகக் கூட்டை இடம் மாற்றும்போது, அயலவரின் குடியிருப்பு உட்பட எந்தக் குடியிருப்புக்கும் 4.5 மீற்றருக்குள் அதை வைக்கக் கூடாது என்ற விதியையும் கருத்திற்கொள்க.

கடும் வெப்பம் முன்னறிவிக்கப்பட்டால், முதல்நாள் மாலையிலேயே நிழலையும் நீரையும் ஆயத்தம் செய்வது நன்று.