தேடலில் கெட்ட வார்த்தை வராமலிருக்க

2020இல் கேரள அரசின் விக்டர்ஸ் கல்விச் சானலில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் தொடங்கியபோது பாடத்துக்காகப் பிள்ளைகள் கையில் கொடுத்த போன், பள்ளி திறந்த பிறகும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. சின்னக்கானல், சூரியநெல்லி தேயிலைத் தோட்ட லயங்களில் அப்பாவும் அம்மாவும் கொழுந்தெடுக்கப் போயிருக்கும் நேரத்தில் என்ன தேடினார்கள், என்ன வந்தது என்று பார்க்க ஆள் கிடையாது. போனில் இவற்றைச் செய்து வையுங்கள்.

1. கூகுள் ஆப்பில் மேலே உள்ள உங்கள் படத்தைத் தொட்டு, செட்டிங்ஸில் ‘சேஃப் சர்ச்’சைத் திறங்கள். ‘ஃபில்டர்’, ‘பிளர்’, ‘ஆஃப்’ என்று மூன்று இருக்கும். ‘பிளர்’ ஆபாசப் படத்தை மங்கலாக்கும். எழுத்தும் லிங்க்கும் அப்படியே வரக்கூடும். ‘ஃபில்டர்’தான் வேண்டும்.

2. அதோடு நிறுத்திவிடாதீர்கள். சேஃப் சர்ச் ஆபாசத்தையும் கொடூரக் காட்சிகளையும் தடுப்பதற்காக வந்தது. வசவுச் சொற்களை வடிகட்டுவது அதன் வேலை இல்லை. அதிலும் தமிழ், மலையாள வசவுகளை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். எந்த வடிகட்டிக்கும் அது எளிதில் பிடிபடாது.

3. நம் பிள்ளைகள் அதிகம் தேடுவது யானை வீடியோ. 2023 ஏப்ரலில் அரிக்கொம்பன் என்ற காட்டு யானையைச் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து தமிழ்நாட்டுக்குள் போன அதை ஜூனில் தமிழ்நாட்டு வனத்துறை பிடித்துக் களக்காடு முண்டந்துறையில் விட்டது. யானைக்காகப் பேசுகிறவர்களும் ஊருக்காகப் பேசுகிறவர்களும் கடுமையாக மோதிக்கொண்ட விஷயம் அது. இப்படிப்பட்ட வீடியோக்களுக்குக் கீழே பத்து வயதுப் பிள்ளை படிக்கக்கூடாத சொற்கள் வந்து விழும். யூடியூப் செட்டிங்ஸில் ‘ரெஸ்ட்ரிக்டட் மோடு’ போட்டுவிட்டால் கமெண்டுகளே தெரியாது. என்னைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் முதலில் இதைத்தான் செய்ய வேண்டும்.

4. கூகுள் தேடலில் ஒரு குறிப்பிட்ட சொல் திரும்பத் திரும்ப வந்தால், தேடும் சொல்லுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, கழித்தல் குறி போட்டு, அதை ஒட்டியே வேண்டாத சொல்லை அடியுங்கள். அந்தச் சொல் உள்ள முடிவுகள் விலகிவிடும். குறிக்கும் சொல்லுக்கும் நடுவில் இடைவெளி விட்டால் பலன் இல்லை.

5. ஜிபோர்டு கீபோர்டில் ‘டெக்ஸ்ட் கரெக்‌ஷன்’ பகுதியில் ‘பிளாக் அஃபென்சிவ் வேர்ட்ஸ்’ ஆனில் இருக்கட்டும்.

6. ஆண்ட்ராய்டு 9, அதற்குப் பிந்திய போன்களின் செட்டிங்ஸில் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ உண்டு. அங்கே ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல், ஃபேமிலி–புள்ளி–கிளவுட்ஃபிளேர்–சிறுகோடு–டிஎன்எஸ்–புள்ளி–காம் என்று அடித்துச் சேமியுங்கள். ஆபாசத் தளங்கள் பிரவுசரில் பெரும்பாலும் திறக்காது. காசு கிடையாது. இதைப் போட்ட பிறகு நெட் வரவில்லை என்றால் ‘ஆட்டோமேட்டிக்’ என்று மாற்றிக்கொள்ளலாம்; அப்போது தடுப்பும் போய்விடும் என்பது நினைவிருக்கட்டும்.

7. பிள்ளைக்கெனத் தனி போன் இருந்தால், பெற்றோர் கண்காணிப்பதற்கான கூகுளின் ‘ஃபேமிலி லிங்க்’ ஆப் போடுங்கள். வீட்டுக்கே ஒரே போன் என்றால் அது சரிப்படாது. மேலே சொன்னவை போதும்.

8. கெட்ட வார்த்தை திரையில் வந்துவிட்டால் போனைப் பிடுங்கி அடிக்காதீர்கள். பிள்ளை தேடியது வேறாக இருக்கும், வந்தது வேறாக இருக்கும். அடி விழுந்தால் அடுத்த முறை வந்து சொல்லாது. யாராவது ஆபாசமாக எழுதி மிரட்டுவதாகச் சொன்னால், அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, குழந்தைகளுக்கான உதவி எண் 1098க்குக் கூப்பிடுங்கள்.