டர்போ இஞ்சினும் கிராங்க் அறையின் மூச்சும்

நெல் அறுவடை யந்திரங்கள், பெரிய டிராக்டர்கள், விளைபொருளை ஏற்றிச்செல்லும் சிறு லாரிகள், ஜீப்புகள், கார்கள் ஆகிய பலவற்றிலும் இக்காலத்தில் டர்போ பொருத்திய இஞ்சின்களே இருக்கின்றன. சிலகாலம் உழைத்தபின் இவ்விஞ்சின்கள் நீலப்புகை கக்குவதும், எண்ணெய் குறைவதும், ஆயில் சீல்களின் ஓரத்தில் கசிவு காண்பதும் உண்டு. இக்குறிகளைக் கண்டவுடன் டர்போ கெட்டுவிட்டதென்று முடிவு கட்டிப் பெருந்தொகை செலவிட்டுப் புதிய டர்போவை மாட்டுவோர் பலர். மாட்டிய சில நாட்களில் அதே புகை மீண்டும் தோன்றினால் திகைக்கின்றனர். குற்றம் டர்போவில் இராமல், அற்ப விலையுள்ள ஒரு குழாயிலோ வலையிலோ இருந்திருக்கலாம். அதுவே கிராங்க் அறையின் மூச்சுக்குழாய். பட்டறைகளில் அதனைப் 'பிரீதர்' என்பர். டர்போவைக் கழற்றுமுன் பிரீதரைச் சோதிக்க வேண்டியதன் காரணத்தையும், சோதிக்கும் விதத்தையும் இங்கு விளக்குவோம்.

கிராங்க் அறையில் வாயு சேரும் விதம்

சிலிண்டருக்குள் எரிபொருள் எரிந்து உண்டாகும் வாயு பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் அவ்வாயு கீழிறங்காதபடி தடுக்கின்றன. எனினும், உஷ்ணத்தால் ரிங் விரிவதற்கு இடம் வேண்டுமாதலால், அதன் இரு முனைகளுக்கும் இடையே ஒரு சிறு சந்து விடப்பட்டிருக்கிறது. அச்சந்தின் வழியாகவும் ரிங்கின் ஓரங்கள் வழியாகவும் சிறிதளவு வாயு, கீழேயுள்ள கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். புதிய இஞ்சினிலும் இது நிகழ்வதால், இதை நோயென்று கருதலாகாது. இறங்கிய வாயு தடையின்றி வெளியேற வேண்டும் என்பதே முக்கியம்.

இவ்வாயுவில் நீராவி, எரியாத எரிபொருள், புகைக்கரி, அமிலத்தை உண்டாக்கும் பொருள்கள் ஆகியவை கலந்துள்ளன. ஒரு லிட்டர் பெட்ரோலோ டீசலோ எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. அதிற் பெரும்பகுதி சைலன்சர் வழியே ஆவியாகப் போய்விட, ஒரு சிறு பங்கு கிராங்க் அறையை அடைகிறது. இஞ்சின் நன்கு சூடேறுமுன் அடிக்கடி நிறுத்தப்பட்டால் அந்நீராவி குளிர்ந்து எண்ணெயோடு கலந்து, தயிர்போன்ற வெண்ணிறச் சேறாக எண்ணெய் மூடியின் அடியில் ஒட்டிக்கொள்ளும். அமிலம் பேரிங்குகளை அரிக்கும். சேறு எண்ணெய் செல்லும் துவாரங்களை அடைக்கும். ஆகையால் கிராங்க் அறையில் அமுக்கத்தைக் குறைப்பது மட்டுமன்றி, கெட்ட வாயுவை அகற்றி எண்ணெயைக் காப்பதும் பிரீதரின் வேலையாகும்.

பழைய இஞ்சின்களில் கிராங்க் அறையிலிருந்து ஒரு குழாய் வண்டியின் அடியில் தொங்கவிடப்பட்டிருந்தது. வண்டி ஓடும்போது அக்குழாயின் வாயைக் கடந்து செல்லும் காற்று உள்ளிருக்கும் வாயுவை இழுத்துக்கொள்ளும். நின்ற இடத்தில் உழைக்கும்போது இம்முறை அதிகம் பயன்படுவதில்லை, காற்றும் அசுத்தமாகும். 1961-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் விற்கப்பட்ட புதிய கார்களில், அவ்வாயுவை இஞ்சினே உறிஞ்சி மீண்டும் எரித்துவிடும் அமைப்பு பொருத்தப்பட்டது. பின்னர் அது பிற நாட்டுக் கார்களுக்கும் பரவிற்று.

டர்போ இஞ்சினில் உள்ள வேறுபாடு

இஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டில் உள்ள மற்றொரு சக்கரத்தால் காற்றை அமுக்கி உள்ளே செலுத்தும் கருவியே டர்போ. சுவிட்சர்லாந்து தேசத்து இஞ்சினீயரான ஆல்பிரட் பூக்கி என்பவர் 1905-ஆம் ஆண்டில் இதற்குப் பேடண்ட் உரிமை பெற்றார். 1961-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆலிஸ் சால்மர்ஸ் டி-19 என்னும் டிராக்டரில் டர்போ டீசல் இஞ்சின் இருந்தது. 1962-இல் ஓல்ட்ஸ்மொபில், செவ்ரொலே ஆகிய கார்களிலும் டர்போ இடம்பெற்றது.

டர்போ சேர்ந்தபின் கிராங்க் அறையின் மூச்சுக்கு மூன்று புதிய சங்கடங்கள் உண்டாகின்றன.

முதலாவது, சிலிண்டருக்குள் அமுக்கம் அதிகமாவதால் ரிங்குகளைக் கடந்து இறங்கும் வாயுவும் அதிகமாகிறது.

இரண்டாவது, வாயுவை உறிஞ்சும் இடம் மாறுகிறது. டர்போ இல்லாத பெட்ரோல் இஞ்சினில் காற்று உட்செல்லும் பாதையில் வெற்றிடம் இருப்பதால், அது கிராங்க் அறை வாயுவை ஒரு சிறு வால்வின் வழியே இழுத்துக்கொள்ளும். டர்போ வேகமாகச் சுழலும்போதோ அதே பாதையில் வெற்றிடத்திற்குப் பதிலாக அமுக்கம் நிலவுகிறது. அப்போது அவ்வால்வு மூடிக்கொள்ளாவிடில், அமுக்கிய காற்று நேரே கிராங்க் அறைக்குள் பாய்ந்துவிடும். ஆகவே டர்போ பெட்ரோல் கார்களில் இரண்டு வழிகள் அமைக்கிறார்கள். மெதுவாக ஓடும்போது வாயு ஒருவழி வால்வின் மூலம் உட்செல்லும் பாதைக்குப் போகும்; பாரம் ஏறியபின், ஏர் பில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே சேரும் வேறொரு குழாய் வழியாகப் போகும். அவ்விடத்தில் டர்போ காற்றை உறிஞ்சுவதால் சிறிது வெற்றிடம் எப்போதும் இருக்கும். டீசல் இஞ்சின்களில் பெரும்பாலும் இவ்விரண்டாவது வழி மட்டுமே உண்டு. உறிஞ்சுதல் மிகாதபடி ரப்பர் சவ்வுள்ள ஒரு வால்வு அதைக் கட்டுப்படுத்தும். சில டிராக்டர்களில் வாயு திறந்த குழாயின் வழியே வெளியே விடப்படுகிறது.

மூன்றாவது சங்கடமே மிக முக்கியமானது. டர்போவின் தண்டுக்கு எண்ணெய் பம்பின் அமுக்கத்தோடு வருகிறது. ஆனால் அது திரும்பிச் செல்வது, நிலம் சரிவாக இருந்தால் வாய்க்கால் நீர் ஓடுவதுபோல், தன் கனத்தால் மட்டுமே. கடைமடையில் நீர் தேங்கி நின்றால் மேலேயுள்ள வயல் வடியாது. அவ்வாறே கிராங்க் அறையில் அமுக்கம் மிகுந்தால் டர்போவின் எண்ணெய் கீழே வடியாது. டர்போவின் இரு முனைகளிலும் உள்ள சீல்கள் தேங்கி நிற்கும் எண்ணெயைத் தடுக்க வல்லவை அல்ல. எண்ணெய் அவற்றைக் கடந்து ஒருபுறம் புகைக்குழாயிலும், மறுபுறம் காற்றுப்பாதையிலும் புகும், நீலப்புகை தோன்றும். டர்போவில் தேய்மானம் எதுவும் இல்லாதபோதும் இது நிகழும். அடைப்பை நீக்காமல் புதிய டர்போவை மாட்டினால், அதுவும் அவ்வாறே கசியும்.

சிறிய அமுக்கம், பெரிய கேடு

கிராங்க் அறையில் அனுமதிக்கத்தக்க அமுக்கம் மிகக் குறைவு. அதைத் தண்ணீர் மட்டத்தின் உயரத்தால் அளப்பது வழக்கம். 10 சென்டிமீட்டர் தண்ணீர் என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10 கிராம் கனமே. ஆனால் 60 சென்டிமீட்டர் நீளமும் 25 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஆயில் தொட்டியின் பரப்பு 1500 சதுர சென்டிமீட்டர். அதன்மேல் அவ்வமுக்கம் 15 கிலோ கனத்தோடு அழுத்துகிறது. கிராங்க் தண்டின் இரு முனைச் சீல்களும் தெறிக்கும் எண்ணெயைத் தடுக்க அமைந்தவையேயன்றி, அமுக்கத்தைத் தாங்க அமைந்தவையல்ல. ஆதலால் முதலில் அவை கசியும். பின்னர் மூடிகளின் கேஸ்கெட்டுகள் நனையும். சில சமயம் எண்ணெய் அளவுகோல் தன் குழாயிலிருந்து தானே மேலெழும்பும். சீலை மட்டும் மாற்றி அமுக்கத்தை அப்படியே விட்டால், புதிய சீலும் விரைவில் கசியும்.

சோதிக்கும் முறை

இஞ்சின் நன்கு சூடேறியபின் சமநிலத்தில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, கை பிரேக்கைப் போடுக. மேல்துண்டு, வேட்டித் தலைப்பு ஆகியவை பெல்ட்டின் அருகே செல்லாதபடி பார்த்துக்கொள்ளுதல் அவசியம். மெதுவாக ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் தளர்த்திப் பார்த்தால், மெல்லிய ஆவி எழுவது இயல்பு. மூடி துள்ளினாலோ, வாயு தொடர்ந்து வேகமாகப் பீறிட்டாலோ அமுக்கம் மிகுந்துள்ளதென ஐயுறலாம்.

அளந்து பார்ப்பது இதினும் சிறந்தது. சுமார் இரண்டு மீட்டர் நீளமுள்ள ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை ஒரு பலகையில் 'ப' வடிவில் வளைத்துக் கட்டி, அடிப்பகுதியிலிருந்து பாதி உயரம்வரை தண்ணீர் ஊற்றுக. ஒரு முனையை எண்ணெய் அளவுகோலின் குழாயில் காற்றுப் புகாதபடி மாட்டி, மறுமுனையைத் திறந்து விடுக. திறந்த பக்கத்தில் தண்ணீர் உயர்ந்தால் உள்ளே அமுக்கம். இஞ்சின் பக்கத்தில் உயர்ந்தால் வெற்றிடம். இரு மட்டங்களுக்கும் உள்ள வித்தியாசமே அளவாகும். தண்ணீர் இஞ்சினுக்குள் இழுக்கப்படாதபடி, பலகையை உயரத்தில் பிடிக்காமல் தாழ்வாக வைத்து, முதலில் மெதுவான ஓட்டத்திலும் பின்னர் வேகத்திலும் பார்க்க வேண்டும். எல்லை எவ்வளவு என்பது இஞ்சினுக்கு இஞ்சின் வேறுபடுமாதலால், யந்திரத்தோடு வந்த புத்தகத்தில் கண்ட அளவையே கொள்க. இஞ்சின் நல்ல நிலையில் உள்ளபோதே ஒருமுறை அளந்து குறித்து வைத்திருப்பவர், பின்னால் ஏற்படும் மாற்றத்தை எளிதில் உணர்வர்.

அளவு மிகுந்திருந்தால், இஞ்சினை நிறுத்திப் பிரீதர் குழாயின் மேல் முனையைக் கழற்றி, காற்றுப்பாதையின் துவாரத்தைத் தூசி புகாமல் மூடிவிட்டு மீண்டும் அளக்க வேண்டும்.

1. அமுக்கம் குறைந்துவிட்டால், கழற்றிய குழாய்க்கு அப்பால் அடைப்பு உள்ளது.

2. அமுக்கம் குறையாமலும், குழாயில் வாயு சொற்பமாகவும் வந்தால், இஞ்சினின் பக்கமுள்ள வலையிலோ வால்விலோ அடைப்பு உள்ளது.

3. குழாயில் வாயு ஏராளமாக வந்தால், வாயு உண்டாகுமிடத்தில் குற்றம். ரிங்குகளும் சிலிண்டரும் தேய்ந்திருக்கலாம். டர்போவின் சீல் தேய்ந்து வாயு வடிகுழாய் வழியே இறங்கலாம். பிரேக்குக்கு உதவும் வெற்றிடப் பம்போ, ஏர் பிரேக் கம்ப்ரஸரோ கெட்டு, தன் காற்றைக் கிராங்க் அறைக்குள் விடலாம். இவற்றைத் தேர்ந்த மெக்கானிக்கைக் கொண்டு ஒவ்வொன்றாகச் சோதிப்பித்தல் வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

அறுவடைக் காலத்தில் வைக்கோல் தூசியும் உமித்தூளும் ஏர் பில்டரை விரைவில் அடைத்துவிடும். அடைத்தால் டர்போவின் முன் வெற்றிடம் மிகுந்து, கிராங்க் அறையிலிருந்து எண்ணெய் ஆவியும் மிகுதியாக இழுக்கப்படும். எனவே ஏர் பில்டரின் சுத்தமும் பிரீதரின் நலமும் ஒன்றோடொன்று தொடர்புடையவை.

வாயுவிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் வலையைக் குறித்த காலத்தில் கழுவ வேண்டும். காகித உறையுள்ளதாயின் மாற்ற வேண்டும். வால்வின் ரப்பர் சவ்வு கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திறந்த குழாயுள்ள டிராக்டரைச் சேற்றுழவு முடிந்ததும் கழுவும்போது குழாயின் வாயையும் சுத்தம் செய்க. பல வாரங்கள் நிறுத்தி வைத்த யந்திரத்தின் குழாயில் குளவி மண்கூடு கட்டுவதுமுண்டு. மூடியின் அடியில் வெண்சேறு கண்டால், ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறதா என்றும் பார்க்க வேண்டும். குறைந்தால் ஹெட் கேஸ்கெட் பழுதாகியிருக்கலாம்.

எண்ணெய் சொட்டுகிறதென்று பிரீதர் குழாயை மரக்கட்டையால் அடைப்பதும், மடக்கிக் கட்டுவதும் பெருந்தவறு. எண்ணெயைத் தனியே பிடிக்க டப்பா பொருத்துவோர், பழைய குழாயினும் சிறிய குழாயை உபயோகிக்கலாகாது; குழாய் நடுவே தொய்ந்து தண்ணீர் தேங்கவும் கூடாது; டப்பா நிறையுமுன் வடித்துவிட வேண்டும். கிராங்க் அறையில் அளவுக்கு மேல் எண்ணெய் ஊற்றுவதும் கேடே.

டீசல் இஞ்சினில் இதனால் ஓர் அபாயமும் உண்டு. பிரீதர் வழியாகவோ டர்போ வழியாகவோ எண்ணெய் மிகுதியாக உட்சென்றால், இஞ்சின் அதையே எரிபொருளாகக் கொண்டு கட்டுக்கடங்காத வேகத்தில் ஓடும். டீசலை நிறுத்தினாலும் அது நிற்காது. அப்போது காற்று புகும் வாயைத் தட்டையான கனத்த பலகையால் மூடினால் இஞ்சின் அடங்கும். கையாலோ துணியாலோ மூடலாகாது. அணுக முடியாதாயின் அனைவரும் விலகி நிற்பதே நன்று.

முடிவுரை

கதிர் முற்றிச் சாயும் தருணத்தில், மழையும் கருக்கொண்டிருக்கும்போது, அறுவடை யந்திரம் ஒருநாள் நின்றாலும் நஷ்டம் அதன் சொந்தக்காரருக்கு மட்டுமன்று. காத்திருக்கும் வயல்களுக்கெல்லாம் ஆகும். ஆகவே பருவம் தொடங்குமுன் ஏர் பில்டர், பிரீதர் குழாய், வலை, வால்வு, டர்போவின் வடிகுழாய் ஆகிய ஐந்தையும் வரிசையாகப் பார்த்துவிடுதல் நலம். நீலப்புகை கண்டால் முதலில் கிராங்க் அறையின் அமுக்கத்தை அளந்து, பின்னரே டர்போவைக் கழற்றச் சொல்லுதல் வேண்டும்.