மார்கழி அமாவாசையில் ஆண்ட்ரோமீடா

ஆண்ட்ரோமீடாவைப் படமெடுக்க வேண்டும் என்றதும் பலரும் கேட்பது, எவ்வளவு பெரிய டெலஸ்கோப் வாங்கலாம் என்றுதான். வாங்கவே வேண்டாம். அந்தச் சுருள் விண்மீன் திரள் வானத்தில் ஏறத்தாழ 3 பாகை நீளம். ஆறு முழுநிலவுகளை வரிசையாக அடுக்கிய அளவு. பெரிய டெலஸ்கோப்பில் அதன் நடுப்பகுதி மட்டும்தான் அகப்படும். ஒரு பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா, 135 மி.மீ. லென்ஸ், ஆடாத முக்காலி, ஒரு 10×50 பைனாகுலர். இவை போதும். மீதிக்கு இருட்டு வேண்டும்.

வெளிநாட்டு நூல்கள் அக்டோபர், நவம்பரில் பார்க்கச் சொல்லும். அது நமக்கு அடைமழைக் காலம். என் அனுபவத்தில் தமிழ்நாட்டுக்குத் தோதானது மார்கழி அமாவாசையை ஒட்டிய நான்கைந்து இரவுகள். மாலை ஏழரைக்கு வடக்கே சற்று மேற்காகச் சாய்ந்து, அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் இருக்கும். தை அமாவாசைக்குள் மேற்கே நன்றாகச் சரிந்துவிடும். அப்போது இருட்டிய கையோடு தொடங்க வேண்டும்.

இடத்துக்கு நான் போவது ஜவ்வாது மலைப் பக்கம். காவலூரின் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி அந்த மலையில்தான் இருக்கிறது. காட்டுச் சாலையோரம் முக்காலியை விரிக்காதீர்கள். ஊரில் யாரிடமாவது சொல்லிவிட்டு அவர் கொல்லையில் நில்லுங்கள். தெருவிளக்கு கண்ணில் படாத இடமாக இருக்கட்டும். டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிக்கொண்டு, செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டு, அரைமணி நேரம் சும்மா இருங்கள். கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரம் ஆகும்.

இனித் தேடல். மேற்கு வானத்தில் உயரமாக, நான்கு கால் கட்டில் போல ஒரு பெரிய சதுரம் தெரியும். அதன் இரண்டு கால்கள் பூரட்டாதி, மற்ற இரண்டு உத்திரட்டாதி. உத்திரட்டாதியின் வடக்கு மீனிலிருந்து கிழக்கே, அதாவது வடக்கு பார்த்து நிற்பவருக்கு வலப்பக்கம், மங்கலான ஒரு மீனைத் தாண்டினால் பளிச்சென்ற மிராக் வரும். அங்கே திரும்ப வேண்டும். நூல்களில் ‘மேலே போங்கள்’ என்றிருந்தால் நம்பாதீர்கள்; நம் ஊரில் இந்தப் பகுதி தலைக்கு வடக்கே கடப்பதால் துருவ மீன் பக்கமாகக் கீழே இறங்க வேண்டும். இறங்கும் வழியில் இரண்டு சிறு மீன்கள். இரண்டாவதன் அருகே, ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்தது போல ஒரு கறை. அதுதான்.

நேராக முறைத்தால் மங்கும். பார்வையைச் சற்று விலக்கி ஓரக்கண்ணால் பாருங்கள்; மங்கல் ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, அதைச் சுற்றித்தான் இருக்கின்றன. பைனாகுலரில் நீள்வட்டமாகத் தெரியும். சுருள் கைகளை எதிர்பார்க்காதீர்கள். அத்திரள் நமக்குக் கிட்டத்தட்ட விளிம்பைக் காட்டிச் சாய்ந்து கிடக்கிறது. 1888-இல் ஐசக் ராபர்ட்ஸ் இங்கிலாந்தில் 20 அங்குலத் தொலைநோக்கியால் படமெடுத்தபோதுதான் அதன் சுருள் துலங்கியது. அவரோ அதை உருவாகிக்கொண்டிருக்கும் சூரியக் குடும்பம் என்று நினைத்தார்! அது நம் பால்வழிக்கு வெளியே உள்ள தனித் திரள் என்பதற்கு 1923-இல் எட்வின் ஹபிள் கண்ட ஒரு மாறுமீன் வழிவிட்டது.

படமெடுப்பதில் முக்கால்வாசி வேலை ஃபோகஸ்தான். ஆட்டோஃபோகஸை அணைத்து, லைவ் வியூவில் மிராக்கைப் பத்து மடங்கு பெரிதாக்கி, அது மிகச் சிறு புள்ளியாகும் வரை வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். உடனே வளையத்தின் மேல் டேப் ஒட்டுங்கள். ஒருமுறை ஒட்டாமல் விட்டேன். கேமராவைத் திருப்பும்போது விரல் பட்டிருக்கிறது. 400 படங்களிலும் விண்மீன்கள் எல்லாம் ஜவ்வரிசி.

துளை எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200, ஒவ்வொரு படமும் 2 விநாடி. அதற்கு மேல் திறந்து வைத்தால் பூமி சுழல்வதால் மீன்கள் கோடாக இழுபடும். ரா வடிவில் சேமியுங்கள். இன்டர்வெலோமீட்டரை மாட்டிவிட்டால் கை வைக்க வேண்டியதில்லை. மொத்தம் 600 படங்கள், அதாவது 20 நிமிட ஒளி. திரள் நகர்ந்துகொண்டே போகும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி நடுவுக்குக் கொண்டுவாருங்கள். லென்ஸில் பனி பூக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள். மார்கழியில் பூக்கும்.

வானத்தின் ஓட்டத்துக்கேற்ப கேமராவைத் திருப்பும் டிராக்கர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதன் அச்சைத் துருவ மீனை நோக்கி வைக்க வேண்டும். நம் ஊரில் துருவ மீன் அடிவானத்திலிருந்து 8 முதல் 13 பாகை உயரத்தில்தான் நிற்கும். ஒரு மாமரம் போதும் மறைக்க. அவ்வளவு தாழ்வாகச் சாய்க்க முடியாத தாங்கிகளும் விற்கின்றன. வாங்கும்முன் கேளுங்கள்.

கிளம்பும் முன் லென்ஸை மூடி, அதே அமைப்பில் 30 படங்கள். சென்சாரின் இரைச்சலைக் கழிக்க இவை. விடிந்ததும் ஃபோகஸை அசைக்காமல், வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்து லென்ஸின் மேல் இழுத்துப் பிடித்து, வெளிர்ந்த வானத்தைக் காட்டி இன்னொரு 30. ஓர இருளும் தூசிப் புள்ளிகளும் இவற்றால் நீங்கும்.

வீட்டில் சிரில் என்ற இலவச மென்பொருளில் எல்லாவற்றையும் அடுக்குங்கள். அடுக்கியதும் வரும் படம் வெறும் கறுப்பு. பதறாதீர்கள், ஒளி அதற்குள் இருக்கிறது. முதலில் பின்னணி வெளிச்சத்தை நீக்கி, நிறத்தைச் சரிசெய்து, பிறகு மெதுவாக வெளிச்சத்தை ஏற்றுங்கள். வானம் மை போல இருக்க வேண்டும் என்று பலர் கறுப்பை அழுத்திவிடுகிறார்கள். அத்தோடு வெளிக்கைகளும் போய்விடும். பின்னணி அடர் சாம்பலாகவே இருக்கட்டும். நடுப்பகுதி வெளுத்துப் போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். தூசிப் பட்டையும் எம் 32, எம் 110 என்ற இரு துணைத் திரள்களும் தெரிந்தால் முதல் படத்துக்கு அது நல்ல மதிப்பெண்.

இரைச்சல் பாதியாகக் குறைய நான்கு மடங்கு படங்கள் வேண்டும். ஒரே இரவில் 2400 எடுக்க யாருக்கும் பொறுமை இருக்காது. அதனால் ரா கோப்புகளை அழித்துவிடாதீர்கள். அடுத்த மார்கழியில் எடுப்பதையும் இவற்றோடு அடுக்கலாம்.