பதிவு எண் வந்தால் வரிவிலக்கும் வந்துவிடுமா?

செஞ்சிப் பக்கத்து அரசுப் பள்ளிக்கூடம் எதில் பெற்றோர் ஆசிரியர் கழக (பி.டி.ஏ.) கூட்டம் நடந்தாலும் பேச்சு சுற்றுச்சுவரில் தொடங்கும், கழிப்பறைக்குப் போகும், கழகமே சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் பி.டி.ஏ. டீச்சரின் சம்பளத்தில் சிக்கும். கடைசியில் விவரம் தெரிந்தவர் என்று பெயரெடுத்த ஒருவர் எழுந்து, “முதல்ல சங்கத்தைப் பதிவு பண்ணுங்க, அப்புறம் வரியே கிடையாது, பணம் தானா வரும்” என்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குள்ளேயே மூன்று விஷயம் குழம்பிக் கிடக்கிறது.

சங்கப் பதிவு என்பது 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி மாநிலப் பதிவுத்துறை செய்வது. வரிவிலக்கு என்பது மத்திய அரசின் வருமான வரித்துறை தருவது. வெளிநாட்டுப் பணம் வாங்க அனுமதி டெல்லியில் உள்துறை அமைச்சகத்தின் கையில். மூன்றும் வேறு வேறு சட்டம், வேறு வேறு விண்ணப்பம். முதலாவது கிடைத்தது என்பதற்காக மற்ற இரண்டும் கூடவே வராது. பதிவுச் சான்றிதழை ஃபிரேம் போட்டுத் தலைமை ஆசிரியர் அறையில் மாட்டிவிட்டு, நன்கொடை ரசீதில் ‘வரிவிலக்கு பெற்றது’ என்று அச்சடிக்கிற சங்கம், கொடுத்தவரையும் சேர்த்துச் சிக்கலில் மாட்டிவிடுகிறது.

“அதான் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கே, ரெண்டும் ஒண்ணுதானே?” இல்லை. மேலாண்மைக் குழு, 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 21ஆம் பிரிவின் பிள்ளை. அதில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதி பெண்கள் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022இல் இந்தக் குழுக்களைப் பெரிய அளவில் திருத்தி அமைத்தார்கள். அதை யாரும் போய்ப் பதிய வேண்டியதில்லை. சட்டமே அதை உண்டாக்குகிறது. பெற்றோர் ஆசிரியர் கழகம் அதற்கு வெகுகாலம் மூத்தது. காமராசர் முதல்வராக இருந்தபோது, நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறையை நடத்திய காலத்தில், 1958 முதல் ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊர்க்காரர்கள் பெஞ்சும் மணியும் நிலமும் கொடுத்தார்கள். பள்ளிக்கு ஊர் கொடுக்கும் பழக்கம் நம் பக்கத்தில் புதிதில்லை. கணக்கு எழுதும் பழக்கம்தான் பின்தங்கிவிட்டது.

“மாநிலக் கழகத்துக்கு இணைப்புக் கட்டணம் கட்டிட்டோம், அது போதும்.” சென்னையில் இருக்கும் மாநிலப் பெற்றோர் ஆசிரியர் கழகத்தைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வினா வங்கிப் புத்தகத்தால் அறிவார்கள். அதில் இணைவது வேறு, உங்கள் ஊர்க் கழகம் சட்டத்தின் முன் ஓர் அமைப்பாக நிற்பது வேறு. மாநிலக் கழகத்தின் பதிவும் பான் எண்ணும் உங்களுக்கு ஆகாது.

அடுத்தது, “நம்மளது சின்ன சங்கம், பதிவெல்லாம் எதுக்கு?” இங்கே சட்டத்தின் கணக்கு பலருக்கு வியப்பாக இருக்கும். கல்வி, பொதுச்சேவை போன்ற நோக்கத்தோடு கூடிய சங்கத்தில் 20 உறுப்பினர் இருந்தாலோ, ஆண்டு வரவோ செலவோ 10,000 ரூபாயைத் தொட்டாலோ, பதிவு செய்தாக வேண்டும். பத்தாயிரம் இன்று என்ன காசு? ஒரு பி.டி.ஏ. டீச்சரின் ஒரு மாதச் சம்பளம் அதற்குப் பக்கத்தில் வந்துவிடும். பதியாமல் தலைவரின் சொந்த சேமிப்புக் கணக்கில் ஊர்ப் பணத்தைப் போட்டு வைக்கிறார்கள். போட்டவர் நல்லவராகவே இருக்கட்டும். வட்டி அவர் பான் எண்ணில் ஏறும். நாளைக்கு அவர் கண்ணை மூடினால் அந்தப் பணத்துக்கு அவருடைய வாரிசுகள்தான் வங்கியில் போய் நிற்க முடியும், பள்ளிக்கூடம் இல்லை.

பதிவுக்குக் குறைந்தது 7 பேர் வேண்டும். போக வேண்டியது மாவட்டப் பதிவாளரிடம். நிலம் பதிகிற செஞ்சி சார்பதிவாளர் அலுவலகத்தில் இல்லை. பதிவுத்துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். சார்பதிவாளரிடம் பதியக்கூடியது அறக்கட்டளைப் பத்திரம். “டிரஸ்ட்டா போட்டா ஒரே நாள்ல முடிஞ்சிடும்” என்று யாராவது அந்தப் பக்கம் இழுப்பார்கள். வேலை சுலபம்தான். ஆனால் அறக்கட்டளையில் பத்திரத்தில் பெயர் எழுதிய அறங்காவலர்களே ஆள்வார்கள். தேர்தல் கிடையாது, பொதுக்குழுவும் பெரும்பாலும் கிடையாது. ஆண்டுதோறும் பெற்றோர் மாறுகிற ஓர் அமைப்புக்கு அது ஒத்துவராது என்பது என் கட்சி.

இதில் உண்மையான வேலை துணைவிதிகளை எழுதுவதுதான். அதைத்தான் யாரும் படிப்பதில்லை. டி.டி.பி. கடையில் ஏற்கெனவே இருக்கும் மன்றம் ஒன்றின் துணைவிதியை எடுத்து, பெயரை மட்டும் மாற்றி, கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். ரசிகர் மன்றத்துக்குத் தைத்த சட்டையைப் பள்ளிக்கூடத்துக்குப் போட்ட மாதிரி. பிறகு வருமான வரித்துறைக்குப் போகும்போது அங்கே துணைவிதியில் இரண்டு வாக்கியங்களைத் தேடுவார்கள்: வருமானம் எதையும் உறுப்பினர்கள் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது, சங்கம் கலைந்தால் மிச்சச் சொத்து இதே போன்ற நோக்கமுள்ள வேறோர் அமைப்புக்குப் போக வேண்டும். இந்த இரண்டும் இல்லையென்றால் துணைவிதியைத் திருத்தி மறுபடி பதிவாளரிடம் போக வேண்டும்.

மிச்சம் என்றதும் நினைவு வருகிறது. லாப நோக்கற்ற சங்கத்தில் ஆண்டு முடிவில் பைசா மிஞ்சக் கூடாது என்று மார்ச் மாதக் கடைசியில் அவசரமாக ஃபேன் வாங்குகிறவர்கள் உண்டு. மிஞ்சலாம். வரிவிலக்கு பெற்ற அமைப்பு வருமானத்தில் 85 சதவீதத்தைச் செலவிட வேண்டும். 15 சதவீதத்தைக் கேள்வியில்லாமல் வைத்துக்கொள்ளலாம். கட்டடம் போன்ற குறிப்பிட்ட காரணம் காட்டி, முறைப்படி தெரிவித்து, கூடுதலாக 5 ஆண்டுவரை சேர்க்கவும் வழியிருக்கிறது.

இனி எல்லோரும் ஆசைப்படும் 80ஜி. வரித்துறையிடம் சங்கம் வாங்க வேண்டியவை இரண்டு. சங்கத்தின் வருமானத்துக்கு விலக்கு ஒன்று. கொடுப்பவருக்குக் கழிவு மற்றொன்று. பின்னதைத்தான் 80ஜி என்கிறோம். 2025இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்து, பிரிவு எண்கள் மாறிவிட்டாலும், ஊர் வாயில் 80ஜி இன்னும் பல வருஷம் 80ஜியாகவே இருக்கும். புது அமைப்புக்கு முதலில் 3 ஆண்டுக்குத் தற்காலிகப் பதிவு கிடைக்கும். அதற்குள் வேலையைக் காட்டி வழக்கமான பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

கொடுத்த தொகை முழுக்க வரியில் கழியும் என்று நினைக்கிறார்கள். இப்படிப்பட்ட சங்கத்துக்குக் கொடுத்தால் பொதுவாகப் பாதித் தொகைதான், அதுவும் வரியிலிருந்து இல்லை, வருமானத்திலிருந்து கழியும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் இல்லை. யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியலைச் சங்கம் மே 31க்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். எல்லாவற்றுக்கும் மேலாக, புதிய வரிமுறையில் இருப்பவருக்கு இந்தக் கழிவே கிடையாது. 2023-24 நிதியாண்டிலிருந்து தானாக வாய்ப்பது புதிய முறைதான். ஆக, நன்கொடை தரும் முன்னாள் மாணவர்களில் பலருக்கு 80ஜி ரசீதால் ஒரு பயனும் இல்லை. அவர்கள் பள்ளிக்கூடத்துக்காகக் கொடுக்கிறார்கள், ரசீதுக்காக இல்லை. ஆண்டுக்குச் சில ஆயிரம் புரளும் கழகம் இதன் பின்னால் ஓடி ஆடிட்டர் கட்டணம் கட்டுவதைவிட, மாநில அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டம் வழியாகப் பெரிய நன்கொடையாளர்களை அனுப்பிவிடலாம். குறிப்பிட்ட பள்ளியைச் சொல்லியே அதில் கொடுக்கலாம்.

“செஞ்சிக்கோட்டை யுனெஸ்கோ பட்டியல்ல வந்துடுச்சு, வெளிநாட்டுக்காரங்க கொடுப்பாங்க.” 2025இல் பட்டியலில் சேர்ந்த 12 மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். பெருமைதான். ஆனால் கோட்டை மலையான ராஜகிரிக்குக் கிடைத்த அந்தஸ்து பள்ளிக்கூடத்து ஓட்டைக் கூரைக்கு நீளாது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு கேட்க, சங்கத்துக்கு 3 வயதாகியிருக்க வேண்டும். அந்த ஆண்டுகளில் 15 லட்சம் ரூபாய் பணிகளுக்குச் செலவிட்டிருக்க வேண்டும். பணம் முதலில் வந்து இறங்குவதும் ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான். சிங்கப்பூரில் வேலை பார்க்கிற பழைய மாணவர் இந்தியக் குடிமகனாகவே இருந்தால் கவலை இல்லை. தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அவர் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த ஊர்க் குடியுரிமை வாங்கிவிட்டவர் என்றால் அது வெளிநாட்டுப் பணம். ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி பாஸ்போர்ட்டைப் பற்றியது.

“பதிவான சங்கம், ரசீது கொடுக்கிறோம், அட்மிஷன் சமயத்துல நன்கொடை வாங்கினா என்ன?” கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, அறிவிக்கப்பட்ட கட்டணம் தவிர எந்தப் பெயரில் வாங்கினாலும் நன்கொடைக் கொள்ளை என்றே பார்க்கிறது; வாங்கியதைப் போல் 10 மடங்குவரை அபராதம்.

பதிவு முடிந்ததும் வேலை முடிந்தது என்பது கடைசி நம்பிக்கை, ஆனால் அதிகச் சங்கங்களைச் சாய்ப்பது இதுதான். ஆண்டுப் பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும். கணக்கையும் உறுப்பினர் பட்டியலையும் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். நிர்வாகிகளின் பதவிக்காலம் 3 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. ஆள் மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். பையன் பிளஸ் டூ முடித்து, கல்லூரியும் முடித்து, வேலைக்கும் போன பிறகும் அப்பா பி.டி.ஏ. தலைவராகவே இருப்பது நம் பக்கம் சகஜம். பிள்ளை பள்ளியைவிட்டுப் போனால் பெற்றோரின் உறுப்பினர் தகுதியும் அன்றே போய்விடும் என்று துணைவிதியில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். டி.டி.பி. கடையின் நகலில் அது இருக்காது.