கோச் தேடுவோர் கவனத்துக்கு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

வேலை போனவர், பதவி உயர்வு தள்ளிக்கொண்டே போகிறவர், பிள்ளை பெற்று சில வருடம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி வேலைக்குப் போக நினைப்பவர்... லைஃப் கோச், கரியர் கோச் என்று தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் மனம் தளர்ந்திருக்கும் நேரத்தில்தான் போகிறார்கள். சேமிப்பை எடுத்தோ கிரெடிட் கார்டைத் தேய்த்தோ பணம் கட்டுகிறார்கள். நல்ல கோச் அமைந்தால் அது வீண்செலவே அல்ல. ஆனால் இந்தத் துறையைச் சுற்றிப் புழங்கும் சில நம்பிக்கைகள் தவறான ஆளிடம் கொண்டுபோய் விட்டுவிடுகின்றன. அதுதான் என் கோபம்.

“சர்டிஃபைடு கோச் என்றால் அரசு அங்கீகாரம் இருக்கும்”

இருக்காது. இந்தியாவில் கோச் என்று போர்டு மாட்ட எந்த உரிமமும் வேண்டாம். வக்கீலுக்கு பார் கவுன்சில் இருப்பது போல இவர்களுக்கு ஒரு சட்டபூர்வ அமைப்பும் கிடையாது. தரப்படுவதெல்லாம் தனியார் சான்றிதழ்கள். அவற்றில் உலகம் முழுக்க அறியப்பட்டது, தாமஸ் லெனர்ட் 1995இல் அமெரிக்காவில் தொடங்கிய இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷன் தரும் சான்று. அதன் முதல் படியான ஏ.சி.சி.க்கு 60 மணி நேரப் படிப்பும், ஆட்களோடு உட்கார்ந்து பேசிய 100 மணி நேர அனுபவமும் வேண்டும். அடுத்த படியான பி.சி.சி.க்கு 125, 500. உச்சப் படியான எம்.சி.சி.க்கு 200, 2,500. சான்று பெற்றவரின் பெயரை அதன் இணையதளத்திலேயே தேடிப் பார்த்துவிடலாம். ஒரு வார இறுதியில் முடிகிற வகுப்புகளும் தங்கமுத்திரை போட்ட சான்றிதழ் தருகின்றன என்பதால், “எத்தனை மணி நேரம் பயிற்சி எடுத்தீர்கள், இதுவரை எத்தனை மணி நேரம் கோச்சிங் செய்திருக்கிறீர்கள்?” என்று கேட்டுவிடுங்கள். இந்தக் கேள்விக்கு முகம் சுளிப்பவரிடம் அடுத்த கேள்வி தேவையில்லை.

“கோச் என்றால் நமக்கு வழி சொல்பவர்”

பணம் கட்டியவர்கள் அதிகம் ஏமாற்றமடைவது இங்கேதான். டென்னிஸ் கற்றுக்கொடுத்த டிமதி கால்வே, ஓயாமல் திருத்திக்கொண்டே இருந்தால் ஆடுகிறவர் தடுமாறுகிறார், பந்தைத் தானே கவனிக்க விட்டால் சீக்கிரம் கற்கிறார் என்று 1974இல் புத்தகம் எழுதினார். கார் பந்தய வீரராக இருந்த ஜான் விட்மோர் அந்த முறையை பிரிட்டன் அலுவலகங்களுக்குள் கொண்டுபோய், 1992இல் தானும் ஒரு புத்தகம் எழுதினார். எங்கே போக வேண்டும், இப்போது எங்கே நிற்கிறோம், என்னென்ன வழிகள் உண்டு, எதைச் செய்யப் போகிறோம் என்ற நான்கு படிக் கேள்விமுறை அதன் வழியாகத்தான் பரவியது. இன்றைய கோச்சிங்குக்கு இந்த இருவரும் முக்கிய வேர்கள்.

நடைமுறையில் இது எப்படி இருக்கும்? பல வருடம் ஐ.டி.யில் இருந்த ஒருவர் வந்து உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

“வேலையை விட்டுட்டு கேட்டரிங் ஆரம்பிக்கலாமா மேடம்?”

“கேட்டரிங் யோசனை எப்ப வந்துச்சு சார்?”

“ஒரு ஆறு மாசமா. புது மேனேஜர் வந்ததுல இருந்து.”

“பழைய மேனேஜரே இருந்திருந்தா?”

இந்தக் கேள்விக்கு அவர் உடனே பதில் சொல்ல மாட்டார். அந்த மௌனத்தைக் கோச்சும் கலைக்கக் கூடாது. அடுத்த சந்திப்புக்குள் கேட்டரிங் ஆசை உறுதியாகலாம், அல்லது வேறு டீமுக்கு மாறினால் போதும் என்று அவருக்கே தெரியவரலாம். எதுவானாலும் முடிவு அவருடையது. “தாராளமா விடுங்க சார், எங்கிட்ட சூப்பர் பிளான் இருக்கு” என்று சொல்பவர் விற்பனையாளர். உங்களுக்கு வேண்டியது தொழில் நுணுக்கம்தான் என்றால், அந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்ட ஒருவரைப் பிடியுங்கள். கோச் வேண்டாம்.

“அமெரிக்க ஆராய்ச்சியே சொல்லுதே!”

மேடையில் அடிக்கடி வரும் மூன்று கதைகள் உண்டு. முதலாவது, 1953இல் யேல் பல்கலைக்கழகத்தில் குறிக்கோளை எழுதி வைத்த 3 சதவீத மாணவர்கள் பின்னாளில் மற்ற எல்லாரையும்விட அதிகம் சம்பாதித்தார்கள் என்பது. அப்படி ஓர் ஆய்வு நடக்கவே இல்லை. இரண்டாவது, 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்பது. பிளாஸ்டிக் சர்ஜன் மேக்ஸ்வெல் மால்ட்ஸ், நோயாளிகள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960இல் எழுதிய குறிப்பு திரிந்து வந்த கதை அது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் அளந்து பார்த்தபோது சராசரி 66 நாள் வந்தது; ஆளுக்கு ஆள் 18இலிருந்து 254 வரை. மூன்றாவது, பேச்சில் வார்த்தைக்கு 7 சதவீதம்தான் பங்கு என்பது. ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் செய்த ஆய்வுகள் விருப்பு வெறுப்பு எப்படி வெளிப்படுகிறது என்பதைப் பற்றியவை. எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

இந்த மூன்றும் உங்களுக்கு நல்ல உரைகல். பேச்சோடு பேச்சாக, “சார், அந்த யேல் ஆய்வு உண்மையா?” என்று கேளுங்கள். “எனக்குத் தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்” என்று சொல்பவரை நான் நம்புவேன்.

“டிப்ரஷனையும் கோச்சே சரிபண்ணிடுவார்”

கூடாது. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பில்லை, செத்துவிடலாமா என்று தோன்றுகிறது என்றால் மனநல மருத்துவரிடம் போக வேண்டும், அல்லது இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரிடம். அரசின் டெலி மனாஸ் எண் 14416. இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம். “இது என் வேலை இல்லை, டாக்டரைப் பாருங்கள்” என்று சொல்லத் தெரிந்தவரே நல்ல கோச். “மாத்திரையை நிறுத்துங்க, மைண்ட்செட் மாறினா போதும்” என்பவரை விட்டு உடனே விலகுங்கள்.

“இன்றைக்கே சேர்ந்தால்தான் சலுகை”

99 ரூபாய் வெபினார், திரை ஓரத்தில் குறைந்துகொண்டே வரும் கடிகாரம், சாட்டில் ‘எஸ்’ என்று டைப் செய்யச் சொல்வது: எல்லாம் யோசிக்க விடாமல் பணம் கட்ட வைக்கும் ஏற்பாடு. அந்தச் சலுகை அடுத்த வாரமும் வரும். பொறுப்பான கோச் முதலில் அரை மணி நேரம் சும்மா பேசிப் பார்ப்பார், உங்களையும் இரண்டு மூன்று பேரிடம் பேசிப் பார்த்து முடிவெடுக்கச் சொல்வார். எத்தனை சந்திப்பு, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம், நீங்கள் சொன்னது வெளியே போகாது என்ற உறுதி, பாதியில் நின்றால் எவ்வளவு பணம் திரும்பும்: இவை எழுத்தில் வேண்டும். சம்பள உயர்வுக்கு யாராவது உத்தரவாதம் கொடுத்தால் அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். விளம்பரம், வாட்ஸ்அப் செய்தி, ரசீது எதையும் அழிக்காதீர்கள். சொன்னதைச் செய்யாமல் பணத்தையும் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குப் போடக் கட்டணம் கிடையாது.